இருநூற்றைம்பது வார்த்தைகள்

முடிவு வர வேண்டிய அன்று ரேணுகாதேவி காலையிலேயே காவலூருக்கு இறங்கி வந்துவிட்டாள். அவளுடைய ஊரான ஊஞ்சக்கொல்லையில் போன் சிக்னல் வரும், போகும். காவலூர் பஸ் நிறுத்தத்தில் நின்றால் நிலையாக இருக்கும். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, தேர்வு நடத்தும் நிறுவனத்தின் தளத்தைத் திறந்து தன் எண்ணைப் போட்டாள். போன தடவை இதே பக்கத்தில் நான்கு சின்னக் கட்டங்களும் அவற்றுக்கு மேலே ஒரு பெரிய கட்டமும் வந்தன. இந்தத் தடவை கட்டங்களே இல்லை. சிவப்பில் ஒரே ஒரு வரி. உங்கள் மதிப்பெண் சரிபார்ப்புக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது, மின்னஞ்சலைப் பார்க்கவும்.

மின்னஞ்சல் நீளமாக இருந்தது. எழுத்துப் பகுதியில் அவள் எழுதிய கட்டுரை, ஏற்கெனவே மதிப்பெண் வழங்கப்பட்ட இன்னொருவரின் கட்டுரையோடு பெருமளவு ஒத்துப்போகிறது என்றது. இதற்கு அவள் இரண்டு வாரத்துக்குள் விளக்கம் தர வேண்டும், ஆதாரம் இருந்தால் இணைக்கலாம். விளக்கம் ஏற்கும்படி இல்லையென்றால் மொத்த மதிப்பெண்ணும் ரத்தாகும். ரத்தான செய்தி அவள் தேர்ந்தெடுத்திருந்த பல்கலைக்கழகத்துக்கு நேரடியாகத் தெரிவிக்கப்படும்.

ரேணுகா திரும்பத் திரும்பப் படித்தாள். முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. தன் குடும்பத்தில் நடந்ததைத்தான் அவள் எழுதியிருந்தாள். தன் அண்ணியைப் பற்றி. அதை இந்த உலகத்தில் வேறு யார் எழுத முடியும்? பிறகு, டீ ஆறிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது, அந்த வரிகள் மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு ஆள் நினைவுக்கு வந்தாள்.

ரேணுகா வாணியம்பாடியில் தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்தவள். அயர்லாந்தில் ஒரு பல்கலைக்கழகம் காடுகளைப் பற்றிய படிப்புக்கு அவளுக்கு இடம் தந்திருந்தது. பழங்குடி மாணவர்கள் வெளிநாட்டில் படிக்க அரசு கொடுக்கும் உதவித்தொகைக்கும் அவள் பெயர் தேர்வாகியிருந்தது. ஆனால் இரண்டுக்கும் நடுவில் இந்த ஆங்கிலத் தேர்வு நின்றது. இடம் உறுதி என்று பல்கலைக்கழகம் சொன்னால்தான் உதவித்தொகை. தேர்வில் போதுமான மதிப்பெண் வந்தால்தான் இடம் உறுதி.

அந்த மதிப்பெண் போடுகிற முறையே அவளுக்குப் புரிய நாளாயிற்று. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. ஒவ்வொன்றுக்கும் ஒன்பதுக்கு இத்தனை என்று போடுவார்கள். நான்கையும் கூட்டி நாலால் வகுத்து, வருகிற எண்ணைப் பக்கத்தில் இருக்கும் அரைக்குத் தள்ளுவார்கள். அதுதான் பெரிய கட்டம். முதல் தடவை அவளுக்குக் கேட்பதில் ஆறரை, படிப்பதில் ஏழரை, எழுதுவதில் ஐந்தரை, பேசுவதில் ஆறு. வகுத்தால் ஆறு புள்ளி முப்பத்தேழு சொச்சம், மேலே தள்ளி ஆறரை. பல்கலைக்கழகம் கேட்டதும் ஆறரைதான். பெரிய கட்டத்தைப் பார்த்துவிட்டு அவள் அப்பா கோபால்சாமிக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். அவர் சாமை விதைக்க ஏர் ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டு ஊருக்குள் போய்ச் சொல்லிவிட்டார். மறுநாள்தான் பல்கலைக்கழகத்தின் பதில் வந்தது. மொத்தம் சரி, ஆனால் எந்தப் பகுதியிலும் ஆறுக்குக் கீழே இருக்கக் கூடாது. எழுத்தில் ஐந்தரை. மன்னிக்கவும்.

அப்போது அவளைத் தூக்கி நிறுத்தியது மர்யம்தான். கல்லூரியில் ஒரே பெஞ்சு. மர்யத்தின் அப்பா அதாவுல்லா வாணியம்பாடியில் ஒரு தோல் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மர்யம் இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவள். அவளும் அயர்லாந்துக்கே வேறொரு நகரத்துக்கு விண்ணப்பித்திருந்தாள். "ஐந்தரைய ஆறாக்குறது ஒரு விஷயமாடி? வா, நான் சொல்லித் தர்றேன்" என்றாள். வாரத்தில் இரண்டு நாள் ரேணுகா பஸ் பிடித்து ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்குப் போனாள். மாடி அறையில் இருவரும் உட்கார்ந்து, இருநூற்றைம்பது வார்த்தையில் கட்டுரை எழுதிப் பழகினார்கள்.

உங்கள் பகுதியில் மக்களின் வாழ்க்கையை மாற்றிய ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு பயிற்சிக் கேள்வி. ரேணுகா ரோட்டைப் பற்றி எழுதினாள். ஊஞ்சக்கொல்லைக்கு ரோடு இல்லாத காலத்தில், அவளுடைய அண்ணன் சிவசங்கரின் மனைவி கல்பனாவுக்கு வலி வந்து, டோலி கட்டிக் காவலூருக்குத் தூக்கிக்கொண்டு இறங்கிய கதை. மர்யம் கேட்டுவிட்டு நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அப்புறம், "இத வெச்சே நீ ஏழு வாங்கலாம்" என்றாள். ஒவ்வொரு வரியாக இருவரும் செதுக்கினார்கள். கதை ரேணுகாவுடையது, இங்கிலீஷ் மர்யத்தினுடையது. எந்தக் கேள்வி வந்தாலும் வளைத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று ரேணுகா அதை மனப்பாடம் செய்தாள். சொல்லிச் சொல்லித் திருத்தியதில் மர்யத்துக்கும் மனப்பாடமாகிவிட்டது.

ஏப்ரலில் மர்யம் தேர்வு எழுதினாள். மொத்தம் ஆறரை, எதிலும் ஆறுக்குக் குறையவில்லை. மே மாதம் ரேணுகா எழுதினாள்.

டீக்கடையிலிருந்து அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. வாணியம்பாடி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மர்யத்தின் அம்மா கனீஸ் ஃபாத்திமா கதவைத் திறந்து, "வா பேட்டா, சொல்லாமக் கொள்ளாம வந்துட்டே" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தார். "மேலதான் இருக்கா. பெட்டி அடுக்கிட்டு இருக்கா. இப்பவே அடுக்கி இன்னா பண்ணப் போறாளோ."

மாடி அறையில் கட்டில் மேல் புதுப் பெட்டி திறந்து கிடந்தது. மர்யம் ஸ்வெட்டர்களை மடித்துக்கொண்டிருந்தாள். ரேணுகாவின் முகத்தைப் பார்த்ததும் கையில் இருந்ததை அப்படியே போட்டாள்.

"ரிசல்ட் வந்துச்சா? கொறஞ்சிடுச்சா?"

"மர்யம், பரீட்சையில நீ ரைட்டிங்ல இன்னா எழுதுன?"

மர்யம் போய்க் கதவைச் சாத்தினாள். அதிலேயே ரேணுகாவுக்குத் தெரிந்துவிட்டது. போனில் மின்னஞ்சலைத் திறந்து நீட்டினாள். மர்யம் படித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"கேள்வியப் பாத்ததும் ஒண்ணுமே ஓடல ரேணு" என்றாள். "உங்க ஊர்ல நடந்த ஒரு மாற்றம்னு கேட்டிருந்தான். இந்த ஊரப் பத்தி எனக்கு இன்னா எழுதத் தெரியும்? டைம் போய்ட்டே இருந்துச்சி. வாய்க்குள்ள இருந்தது அது ஒண்ணுதான். எழுதிட்டேன்."

"அது எங்க அண்ணி கதடி."

"தெரியும். ஆனா அந்த வரியெல்லாம் நான் எழுதிக் குடுத்ததுதானே. என்னோடதும்தான்னு நெனச்சிட்டேன். நீயும் அதையே எழுதுவேன்னு..."

"நான் வேற எத எழுதுவேன்?"

கீழேயிருந்து கனீஸ் ஃபாத்திமா டீ குடிக்க வரச்சொல்லிக் குரல் கொடுத்தார். இருவரும் அசையவில்லை.

"உன்னோடத அவங்க முன்னாடியே படிச்சிட்டாங்க" என்றாள் ரேணுகா. "அதனால நீ எழுதுனது ஒரிஜினலு. நான் காப்பி அடிச்சவ."

"எம் பேர எழுதப் போறியா?"

அந்தக் கேள்வி அத்தனை சீக்கிரம் வரும் என்று ரேணுகா எதிர்பார்க்கவில்லை. மர்யத்தின் கண் நிறைந்துவிட்டது. "என் மார்க்கு யூனிவர்சிட்டிக்குப் போய்ச் சேந்துடுச்சி. அத வாபஸ் வாங்கிட்டோம்னு கம்பெனிக்காரங்க நேரா அவங்களுக்கே சொல்லிடுவாங்க. எனக்கே அப்புறம்தான் தெரியும். விசாவும் போய்டும். அப்பா ஊர் பூரா சொல்லி வெச்சிருக்காரு. ரேணு, உங்கிட்ட ஆதாரம் இருக்குமே. அண்ணியோட ஆஸ்பத்திரி சீட்டு. அத அனுப்பு. உங்க வூட்ல நடந்ததுன்னு தெரிஞ்சா விட்டுடுவாங்க."

"அனுப்புனா, அப்போ அந்த இன்னொரு ஆள விசாரிக்க மாட்டாங்களா?"

மர்யம் கீழே பார்த்தபடி, "விசாரிச்சா விசாரிக்கட்டும். நீயா சொல்லாத, அது போதும்" என்றாள்.

ரேணுகா டீ குடிக்காமலேயே கிளம்பினாள். கனீஸ் ஃபாத்திமா வாசல்வரை வந்து, "சண்டையா?" என்று கேட்டார். "இல்ல ஆன்ட்டி, பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தாள். மலையேறும் பஸ்ஸில் வரும்போது அவளுக்கு மர்யத்தின் மேல் கோபமாக இருந்தது, அவளுடைய இடத்தில் தான் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்தால் அந்தக் கோபம் நிற்கவில்லை, யோசிப்பதை விட்டால் திரும்பி வந்தது.

வீட்டில் கல்பனா முறத்தைப் போட்டு உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். சிவசங்கர் குடகில் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தான். அவர்களுடைய பெண் சுவேதா பக்கத்தில் உட்கார்ந்து கொட்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தாள். டோலியில் போனதற்கு அடுத்த வருஷம் பிறந்தவள் அவள்.

"அண்ணி" என்றாள் ரேணுகா. "அந்த ஆஸ்பத்திரி சீட்டு வெச்சிருக்கியா?"

"எந்த ஆஸ்பத்திரி?"

"ஆலங்காயத்துல குடுத்தது. அப்போ."

கல்பனாவின் கை நின்றது. "அது எதுக்கு?"

ரேணுகா சொன்னாள். தேர்வில் அதைத்தான் எழுதினேன், இன்னொருத்தி எழுதியதும் அதுவாகவே இருக்கிறது என்று பிடித்துவிட்டார்கள், உண்மையில் நடந்தது என்று காட்ட வேண்டும் என்றாள்.

"அதயா எழுதுன?"

"ஆமா அண்ணி."

"இங்கிலீஷ்ல?"

"ஆமா."

"யாரு படிச்சாங்க?"

"மொதல்ல ஒரு மெஷினு படிக்கும். அப்புறம் ஒரு ஆளு படிப்பாங்க, யாருன்னு நமக்குத் தெரியாது. ரெண்டையும் சேத்து மார்க்கு போடுவாங்க."

கல்பனா ஒரு புளியை எடுத்துப் பிரித்தாள். "அந்த வாணியம்பாடிப் பொண்ணும் இதத்தான் எழுதிச்சா?"

"ஆமா."

"அதுக்கு மார்க்கு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. ஆறரை."

"இன்னா எழுதுனீங்க? படிச்சிக் காட்டு."

பயிற்சிக்கு எழுதியது ரேணுகாவின் போனில் இருந்தது. வேண்டாம் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சீட்டைக் கேட்டுவிட்டு அதைச் சொல்ல வாய் வரவில்லை. ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். ஊஞ்சக்கொல்லை என்ற மலைக் கிராமத்தில் சில வருஷங்களுக்கு முன்னால் ரோடு கிடையாது. என் அண்ணிக்குப் பிரசவ வலி வந்த நாளில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஊர் ஆண்கள் மூங்கிலில் புடவை கட்டி டோலி செய்தார்கள். வழுக்கும் பாறைகளில் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

அங்கே ரேணுகா நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அவ்ளோதான் அண்ணி. அப்புறம் ரோடு போட்டதப் பத்தி."

"நடுவுல ஒரு வரி கீதே. நீ தாண்டுன. படி."

ரேணுகாவின் குரல் இறங்கிவிட்டது. "அவர்களுடைய துணிச்சலால் தாயும் குழந்தையும் காப்பாற்றப்பட்டார்கள்."

சுவேதா டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். கல்பனா அதை அவள் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்தாள்.

"தாயும்?"

"கொழந்தையும்."

"இங்கிலீஷ்ல பொழச்சிக்கிச்சா?" என்றாள் கல்பனா.

அவள் சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். ரேணுகா அவசர அவசரமாகச் சொன்னாள். கட்டுரை என்றால் ஒரு பிரச்சினை இருக்க வேண்டும், அது தீர வேண்டும். செத்துப்போனது என்று எழுதினால் அதற்கு அப்புறம் ரோட்டுக்கு வர முடியாது, இருநூற்றைம்பது வார்த்தைக்குள் அடங்காது என்று மர்யம் சொன்னாள், நானும் சரி என்றேன். சொல்லச் சொல்ல அவளுக்கே தன் வாயை மூடிக்கொள்ளலாம் போல் இருந்தது.

கல்பனா எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து ரேணுகாவின் மடியில் வைத்தாள்.

"இந்தா. இதுல செத்துப்போச்சின்னுதான் போட்டிருப்பாங்க. உனக்கு ஆவுமா பாரு."

சுவேதாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆடு கட்டியிருந்த பக்கம் போய்விட்டாள்.

ஆகாது என்பது அப்போதுதான் ரேணுகாவுக்கு உறைத்தது. இந்தச் சீட்டை அனுப்பினால், அவள் எழுதியது அவள் வீட்டில் நடந்ததல்ல என்றுதான் அது சொல்லும். அவள் கவரைத் திறக்கவே இல்லை. திரும்ப டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. கல்பனா சோறு போட்டாள், கூப்பிட்டால் பதில் சொன்னாள், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கோபால்சாமிக்கு விவரம் எதுவும் தெரியாது. "மார்க்கு எப்போ வருமாம்?" என்று ஒரு தடவை கேட்டார். "தள்ளிப் போட்டிருக்காங்கப்பா" என்றாள். மர்யம் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். ரேணுகா எடுக்கவில்லை. விளக்கம் எழுத உட்கார்ந்தால் முதல் வாக்கியமே வரவில்லை. கதை என்னுடையது என்று எழுதலாம். அது என்னுடையதுதானா?

கெடு முடிகிற வாரம், இருவரும் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தபோது கல்பனா தானாகப் பேசினாள்.

"அன்னிக்கு மழை இல்ல."

ரேணுகா நிமிர்ந்து பார்த்தாள்.

"மழைன்னு எழுதியிருக்கீங்க. வெயிலு. அப்டி ஒரு வெயிலு. உங்கப்பா துண்ட நனைச்சி என் மூஞ்சி மேல போட்டுட்டே வந்தாரு. உனக்கு ஞாபகம் இல்ல?"

"இருக்கு அண்ணி. மழைன்னா நல்லா இருக்கும்னு..."

"பாதி வழியில பொறந்துட்டான். அந்தப் பெரிய பாறைகிட்ட. எறக்கி வெச்சாங்க. பொறந்ததும் ஒரு வாட்டி அழுதான். நல்லாவே அழுதான். கூட வந்த சம்பூர்ணம் பெரியம்மா, இனிமே பயமில்லன்னு சொல்லிச்சி. ஆலங்காயம் போறதுக்குள்ள போய்ட்டான்." கல்பனா களைக்கொத்தை மறு கைக்கு மாற்றினாள். "அவன் அழுதத நீங்க எழுதவே இல்லியே."

அன்று அவளும் டோலிக்குப் பின்னாலேயே ஓடிவந்தவள்தான். அந்த அழுகையை அவளும் கேட்டவள்தான்.

"நான் எழுதல அண்ணி. இனிமே அதப் பத்தி யாருக்கும் எழுத மாட்டேன்."

"உன்ன எழுத வேணாம்னு சொல்லல. அவங்க கேட்டிருக்காங்க இல்ல? சொல்லு. ஆனா செத்துப்போச்சின்னு எழுது."

மறுநாள் ரேணுகா காவலூருக்கு வந்து, டீக்கடைக்குப் பின்னால் மரத்தடியில் உட்கார்ந்து விளக்கத்தை எழுதினாள். யாரிடமும் காட்டித் திருத்தவில்லை. தேடிப் பொறுக்கிய வார்த்தைகளும் இல்லை. இந்தக் கட்டுரையை நானும் ஒரு தோழியும் சேர்ந்து பயிற்சிக்காக எழுதினோம். நான் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதினேன். இது என் அண்ணிக்கு நடந்தது. ஆனால் கட்டுரையில் இருப்பது முழு உண்மை அல்ல. அன்று மழை பெய்யவில்லை. குழந்தை வழியில் பிறந்தது, ஒரு முறை அழுதது, இறந்துவிட்டது. காப்பாற்றப்பட்டதாக நாங்கள் எழுதியது தவறு. தோழியின் பெயரைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆதாரம் எதையும் இணைக்கவில்லை.

அனுப்பிய பிறகு மர்யத்தைக் கூப்பிட்டாள். "உம் பேரு எழுதல" என்றாள். அந்தப் பக்கம் மர்யம் விசும்பினாள். பிறகு, "நான் அண்ணியப் பாக்க வரட்டுமா? போறதுக்கு முன்னாடி ஒரு தடவ" என்று கேட்டாள். ரேணுகா வீட்டுக்கு வந்து கல்பனாவிடம் சொன்னாள். "வேணாம்" என்றாள் கல்பனா. "வந்து இன்னா சொல்லப் போவுது? எனக்கு அதுக்கு டீ வெச்சிக் குடுக்கத் தெம்பு இல்ல." ரேணுகா அதை அப்படியே மர்யத்திடம் சொல்லவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

நிறுவனத்தின் பதில் சுருக்கமாக இருந்தது. விளக்கத்துக்கு நன்றி. மனப்பாடம் செய்த விடை என்பதை நீங்களே ஒப்புக்கொண்டிருப்பதால் மே மாத மதிப்பெண் ரத்து செய்யப்படுகிறது. குறிப்பிட்ட காலம் கழித்து மறுபடியும் எழுதலாம். குழந்தையைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அவர்கள் மர்யத்தை விசாரித்ததாகவும் பிறகு எந்தச் செய்தியும் வரவில்லை.

பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்துக்கு ரேணுகா தானே எழுதினாள். பழைய மதிப்பெண் பட்டியலின் படத்தை அனுப்பட்டுமா என்று கேட்டாள். நீங்கள் அனுப்பும் எதையும் நாங்கள் கணக்கில் எடுக்க முடியாது, நிறுவனம் எங்கள் கணக்குக்கு நேராக அனுப்புவதை மட்டுமே பார்ப்போம், அவர்கள் உங்கள் மதிப்பெண் ரத்து என்று அனுப்பியிருக்கிறார்கள் என்று பதில் வந்தது. கடைசியில், செப்டம்பர் முடிவதற்குள் புது மதிப்பெண் வந்தால் ஜனவரி சேர்க்கைக்கு இடத்தை வைத்திருக்கிறோம் என்று இரண்டு வரி இருந்தது. உதவித்தொகைக்காக ரேணுகா திருவண்ணாமலைக்கும் சென்னைக்கும் அலைந்து, ஜனவரிவரை நிறுத்திவைக்கச் சம்மதம் வாங்கினாள். அப்பாவிடம் அப்போதுதான் சொன்னாள், மார்க்கு செல்லாது என்று ஆகிவிட்டது, திரும்ப எழுதணும் என்று. "யாரு பண்ண தப்பு?" என்று கேட்டார் கோபால்சாமி. "என்னோடதுதாம்ப்பா" என்றாள். அவர் மேலே கேட்கவில்லை.

ஆகஸ்டில் மூன்றாவது தடவையாகச் சென்னையில் தேர்வு எழுதினாள். மனப்பாடமாக எதையும் எடுத்துப் போகவில்லை. எழுத்துக் கேள்வி பஸ்ஸைப் பற்றியது. நகரத்துக்குள் பஸ் கட்டணம் இல்லாமல் விடலாமா என்று கேட்டிருந்தார்கள். இடையிடையே வாக்கியம் உடைந்தது, ஒரு பத்தியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினாள், முடிக்கும்போது நேரமும் முடிந்தது. பேச்சுத் தேர்வில் எதிரில் இருந்த பெண்மணி, உங்கள் குடும்பத்தில் மறக்க முடியாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். ரேணுகா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அந்தப் பெண்மணி தலையை ஆட்டி ஊக்கப்படுத்தினார். பிறகு அவள் அண்ணன் முதல் தடவை குடகுக்குப் போன நாளைப் பற்றிச் சொன்னாள். தயங்கியதற்கு எத்தனை குறைப்பார்கள் என்று திரும்பி வரும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தாள்.

அதற்குள் மர்யம் கிளம்பிவிட்டிருந்தாள். விமான நிலையத்திலிருந்து அனுப்பிய குரல் செய்தியை ரேணுகா இரண்டு நாள் கழித்துத்தான் கேட்டாள். அதில் கனீஸ் ஃபாத்திமாவும் ஒரு வார்த்தை பேசியிருந்தார், வீட்டுக்கு வந்துட்டுப் போ பேட்டா என்று.

முடிவு செப்டம்பரில் வந்தது. இந்தத் தடவை கட்டங்கள் இருந்தன. பெரிய கட்டத்தை விரலால் மறைத்துக்கொண்டு சின்னக் கட்டங்களை முதலில் பார்த்தாள். ஏழு, ஏழு, ஆறு, ஆறரை. எழுத்தில் சரியாக ஆறு. கூட்டி வகுத்தால் ஆறு புள்ளி அறுபத்திரண்டு சொச்சம், கீழே இறங்கி ஆறரை. முதல் தடவை மேலே தள்ளினார்கள், இந்தத் தடவை கீழே. எண் ஒன்றுதான். சில நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து, நிறுவனம் அனுப்பிய மதிப்பெண் கிடைத்தது, உங்கள் இடம் உறுதி, வாழ்த்துகள் என்று கடிதம் வந்தது. ரேணுகா பஸ் நிறுத்தத்தில் நின்று அதைப் படித்தாள். பெரிதாகச் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள். மூச்சு விட முடிகிறது என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

வீட்டில் கோபால்சாமி இந்தத் தடவை ஊருக்குள் ஓடவில்லை. "இது மாறாதே?" என்று இரண்டு தரம் கேட்டுக்கொண்டார். கல்பனா அடுப்படியில் இருந்தாள்.

"இந்த வாட்டி இன்னா எழுதுன?" என்று உள்ளேயிருந்தபடியே கேட்டாள்.

"டவுன் பஸ்ஸப் பத்தி அண்ணி."

"யாராச்சும் இருக்காங்களா அதுல?"

"யாரும் இல்ல."

"சரி" என்றாள் கல்பனா. சட்டியை இறக்கி வைத்துவிட்டு வெளியே வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, ரேணுகாவின் தலையை ஒரு தடவை தடவினாள். பல வாரத்துக்குப் பிறகு அவள் ரேணுகாவைத் தொட்டது அப்போதுதான்.

சாயங்காலம் மர்யம் வீடியோவில் கூப்பிட்டாள். அதிசயமாக அன்று வீட்டு வாசலிலேயே சிக்னல் இருந்தது. ரேணுகா எடுத்தாள். மர்யத்தின் முகம் இளைத்திருந்தது, கழுத்தைச் சுற்றிப் பெரிய மஃப்ளர். உறுதியாகிவிட்டது என்று ரேணுகா சொன்னதும் அவள் கத்திச் சிரித்துவிட்டு உடனே அடங்கிப்போனாள். அங்கே பஸ், அறை, சாப்பாடு என்று இருவரும் எதையெதையோ பேசினார்கள். முன்பு பேசியது போல் வரவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்தது.

கல்பனா தண்ணீர்க் குடத்தோடு வாசலில் ஏறும்போது திரையைப் பார்த்தாள். நின்றாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். ரேணுகா ஒன்றும் கேட்காமல் போனைக் கொடுத்தாள்.

அந்தப் பக்கம் மர்யம் பேசுவது ரேணுகாவுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. அண்ணி, அண்ணி என்பது மட்டும் இடையிடையே கேட்டது. அப்புறம் அழுகை. கல்பனா போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் கேட்டாள். அவள் முகத்தைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

"அழுவாத" என்றாள் கடைசியில். "அங்க ரொம்பக் குளிருதா?"

பதிலைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மர்யம் என்ன சொன்னாள் என்று அன்றைக்கும் சரி, கிளம்பும்வரையிலும் சரி, ரேணுகா அண்ணியிடம் கேட்கவில்லை.